பெரிய ராணுவ விமானங்களும் ஸ்டாலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரக்கு விமானம், குண்டுவீச்சு விமானம், எரிபொருள் நிரப்பும் விமானம் என்று நான்கோ எட்டோ இன்ஜின் பூட்டிய பெரிய ராணுவ விமானங்களை ஓட்டுகிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் ஸ்டாலில் வந்து நிற்கும். அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். விமானி அல்லாதவர்களும் படிக்கலாம். தேவையான இடத்தில் அடிப்படையிலிருந்து சொல்லியிருக்கிறேன்.

ஸ்டால் என்றால் இன்ஜின் நின்றுபோவதா?

இல்லை. கார் ஓட்டுகிறவர்கள் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். விமானத்தில் ஸ்டால் ஆவது இறக்கை. நான்கு இன்ஜினும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டால் வரலாம், வந்துமிருக்கிறது.

கையைப் பலகைபோல் விரித்து, ஓடும் வண்டியின் ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பாருங்கள். முன் விளிம்பைக் கொஞ்சம் தூக்கினால் கை மேலே போகும். இன்னும் தூக்கினால் இன்னும் மேலே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் தூக்கினால் கை மேலே போவதை விட்டுவிட்டுப் பின்னால் தள்ளப்படும், நடுங்கும். காற்று வரும் திசைக்கும் இறக்கைக்கும் நடுவில் இருக்கும் இந்தக் கோணத்தைத் தாக்குகோணம் என்பார்கள். அது எல்லை தாண்டினால், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி வழுக்கிப்போன காற்று பிய்ந்து சுழலத் தொடங்கும். தூக்குவிசை சரியும், இழுவை ஏறும். அதுதான் ஸ்டால்.

அப்படியானால் வேகம் போதுமான அளவு இருந்தால் பயமில்லைதானே?

இந்த ஒரு எண்ணம்தான் நிறையப் பேரைக் கொன்றிருக்கிறது. இறக்கைக்கு வேகம் என்னவென்று தெரியாது, கோணம் மட்டும்தான் தெரியும். கையேட்டில் "ஸ்டால் வேகம்" என்று ஓர் எண் போட்டிருப்பது உண்மை. ஆனால் அது குறிப்பிட்ட எடையில், குறிப்பிட்ட ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கிவிடும் பலகை) நிலையில், நேராக, சீராகப் பறக்கும்போது மட்டும் செல்லும் எண். மூக்கைத் தூக்கவும் தாழ்த்தவும் விமானி பிடிக்கும் கம்பத்தைப் பின்னால் இழுத்த மறுகணம் அந்த எண் பழசாகிவிடும். எந்த வேகத்திலும், மூக்கு எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், விமானம் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தாலும்கூட ஸ்டால் ஆகலாம்.

சாய்ந்து திரும்பும்போது எவ்வளவு மாறும்?

கணக்கு எளிது. உயரம் இழக்காமல் சாய்ந்து திரும்ப வேண்டுமென்றால் இறக்கை விமானத்தின் எடையைவிட அதிகமாகத் தூக்கியாக வேண்டும். 60 டிகிரி சாய்வில் அது சரியாக இரண்டு மடங்கு, அதாவது 2 ஜி. ஸ்டால் வேகம் அந்தச் சுமையின் வர்க்கமூலத்தில் ஏறும்.

நேராகப் பறக்கும்போது 120 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) ஸ்டால் ஆகும் ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். 30 டிகிரியில் அது 129 நாட். பெரிய மாற்றமில்லை, கவலை வேண்டாம் என்று தோன்றும். 45 டிகிரியில் 143. 60 டிகிரியில் 170. 75 டிகிரியில் 236. கடைசிப் பதினைந்து டிகிரியில் எண் எப்படி எகிறுகிறது என்று பாருங்கள். முதல் 30 டிகிரியில் 9 நாட் மட்டும் ஏறிய எண் அங்கே 66 நாட் ஏறுகிறது. அதனால்தான் "இன்னும் கொஞ்சம் சாய்த்தால் என்ன?" என்ற கேள்விக்கு 20 டிகிரியில் ஒரு பதில், 60 டிகிரியில் வேறு பதில்.

இதற்கு நிஜ உதாரணம் இருக்கிறதா?

1994 ஜூன் 24, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஃபேர்சைல்டு விமானப்படைத் தளம். விமானக் கண்காட்சிக்கான ஒத்திகையில் ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம், கட்டுப்பாட்டுக் கோபுரத்தைச் சுற்றி இடப்பக்கமாக இறுக்கமான வட்டம் போட்டது. தரையிலிருந்து உயரம் சுமார் 250 அடி. அந்த விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 185 அடி. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே வயிறு கலங்கும். செங்குத்தாகச் சாய்ந்தால் கீழ் இறக்கை தரையைத் தொட எவ்வளவு மிச்சம்?

திருப்பத்தில் நுழையும்போது வேகம் 182 நாட். அது குறைந்துகொண்டே போய், மோதுவதற்குச் சில விநாடிகள் முன்பு 145 ஆனது. சாய்வு 60 டிகிரியைத் தாண்டியது. 60 டிகிரியில் அந்த விமானத்தின் ஸ்டால் வேகம் 147. இன்ஜின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை விமானி தள்ளியிருந்தாலும் அந்தக் கால ஜெட் இன்ஜின்கள் வேகமெடுக்க ஏறத்தாழ 8 விநாடி ஆகும். அந்த 8 விநாடி அவரிடம் இல்லை. விமானத்தில் இருந்த நால்வரும் இறந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பி-52இன் இந்த வகையில் எய்லரான் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் வழக்கமாக இருக்கும் பலகை) கிடையாது. இறக்கையின் மேலே எழும் ஸ்பாய்லர் பலகைகளால்தான் சாய்வைக் கட்டுப்படுத்துவார்கள். சாய்வை நிமிர்த்த ஸ்பாய்லரைத் தூக்கினால், உயர்ந்திருக்கும் பக்கத்தில் இருக்கிற தூக்குவிசையிலிருந்தும் கொஞ்சம் போய்விடும். மாட்டிக்கொண்ட பிறகு வெளியே வரும் வழியே தூக்குவிசையைத் தின்கிறது.

சிறிய பயிற்சி விமானத்தில் ஸ்டால் பழகிவிட்டுப் பெரியதுக்கு வந்தவருக்கு என்ன புதிது?

நான்கு விஷயங்கள் சட்டென்று நினைவுக்கு வருகின்றன. முதலாவது, உயரம். இரண்டு பேர் உட்காரும் விமானத்தில் நூறு இருநூறு அடியில் ஸ்டாலிலிருந்து மீண்டுவிடலாம். இருநூறு டன் விமானத்தில் ஆயிரக்கணக்கான அடி போகும். மூக்கைத் தாழ்த்தினாலும் அவ்வளவு எடை திசை மாற நேரமெடுக்கும்.

இரண்டாவது, இன்ஜின். இறக்கைக்குக் கீழே தொங்கும் ஜெட் இன்ஜின்களுக்குத் திடீரென்று முழு சக்தி கொடுத்தால் மூக்கு மேலே எழும். தாழ்த்த வேண்டிய நேரத்தில் அது எதிர்வேலை.

மூன்றாவது, பின்னோக்கி வளைந்த இறக்கை. இவ்வகை இறக்கைகளில் ஸ்டால் நுனியில் தொடங்கும் சுபாவம் உண்டு. நுனி பின்னால் இருப்பதால் அங்கே தூக்குவிசை போனால் மூக்கு தானாகவே மேலே ஏறும், ஸ்டால் இன்னும் ஆழமாகும். வடிவமைப்பாளர்கள் இதற்குப் பல மாற்று ஏற்பாடுகள் செய்திருக்கிறார்கள். ஆனாலும் சுபாவம் சுபாவம்தான்.

நான்காவது வால். அதைத் தனியாகவே பார்ப்போம்.

டீப் ஸ்டால் என்கிறார்களே, அது என்ன?

சி-17, சி-5, இல்-76, ஏ400எம் ஆகிய சரக்கு விமானங்கள் எல்லாவற்றிலும் கிடைவால் செங்குத்து வாலின் உச்சியில் இருக்கும். ஆங்கில டி எழுத்துப் போல. பின்கதவைத் திறந்து சரக்கு ஏற்ற வசதி, இன்ஜின் காற்றிலிருந்து வால் தள்ளியிருக்கும் என்று நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் தாக்குகோணம் மிக அதிகமானால், இறக்கையிலிருந்து பிய்ந்து வரும் கலங்கிய காற்று நேராக அந்த வாலின்மேல் போய் விழும். கிடைவாலில் அசையும் பலகையான எந்த எலிவேட்டரால் மூக்கைத் தாழ்த்த வேண்டுமோ அதுவே காற்றில்லாமல் செத்துக்கிடக்கும். விமானம் தட்டையாக, மூக்கு கொஞ்சம் தூக்கியபடி, இலைபோல் இறங்கும்.

இதை உலகம் கற்றது பயணிகள் விமானத்தில். 1963 அக்டோபர் 22 அன்று பிரிட்டனில் பிஏசி ஒன்-இலெவன் விமானத்தின் சோதனைப் பறப்பில் இப்படி நடந்து, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இத்தகைய வால் கொண்ட விமானங்களில் ஸ்டிக் புஷர் பரவலாக வந்தது. விமானி என்ன செய்தாலும் சரி, எல்லைக்கு முன்பே கம்பத்தைத் தானாக முன்னால் தள்ளிவிடும் சாதனம் அது. ஸ்டால் சோதனைகளில் வாலில் ஒரு மீட்புப் பாராசூட் கட்டிக்கொண்டு போகும் வழக்கமும் வலுப்பட்டது.

ஸ்டால் நெருங்குவது விமானிக்கு எப்படித் தெரியும்?

முதலில் உடம்புக்குத் தெரியும். கலங்கிய காற்று வாலிலும் உடலிலும் தட்டுவதால் ஓர் அதிர்வு வரும், கரடுமுரடான சாலையில் வண்டி போவதுபோல. கட்டுப்பாடுகள் தொளதொளவென்று ஆகும். அசைத்தால் பதில் தாமதமாக வரும். நவீன விமானங்களில் ஹைட்ராலிக்கும் கணினியும் நடுவில் இருப்பதால் இந்த உணர்வு கைக்கு வந்து சேருவதில்லை. அதற்காகத்தான் ஸ்டிக் ஷேக்கர் வைத்திருக்கிறார்கள். கம்பத்தையே கடகடவென்று ஆட்டும். கையில் பிடித்திருக்கிறவருக்கு மணிக்கட்டு வரை ஏறும். கூடவே குரல் எச்சரிக்கையும் வரும்.

ஷேக்கர் அடித்தும் தொடர்ந்து பறக்கலாமா? சில நேரம் சும்மா வந்துவிட்டுப் போகுமே?

கூடாது. இந்தக் கேள்விக்கு 2010 ஜூலை 28 அன்று அலாஸ்காவின் எல்மெண்டார்ஃப் தளத்தில் பதில் கிடைத்துவிட்டது. அதுவும் கண்காட்சி ஒத்திகைதான். சி-17 ஒன்று மூக்கை நன்றாகத் தூக்கி ஏறி, தரையிலிருந்து 850 அடி அளவிலேயே மட்டமாகி, இடப்பக்கம் திரும்பிவிட்டு, அப்புறம் வலப்பக்கமாக 260 டிகிரித் திருப்பத்தில் நுழைந்தது. திருப்பத்தின் தொடக்கத்திலேயே ஸ்டால் எச்சரிக்கை வந்தது. சாய்வு 60 டிகிரிக்கு மேல் போனது. விமானி திருப்பத்தை விடவில்லை. நால்வர் இறந்தார்கள்.

விசாரணை அறிக்கையில் என்னை உலுக்கியது ஒரு விஷயம். இத்தகைய ஒத்திகைகளில் எச்சரிக்கை வருவதும், அது தற்காலிகம் என்று எடுத்துக்கொண்டு திருப்பத்தைத் தொடர்வதும் அங்கே பழக்கமாகியிருந்தது. முதல் முறை எச்சரிக்கை வந்து ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் முறையும் ஆகவில்லை. பத்தாம் முறை வரும்போது அது எச்சரிக்கையாகவே காதில் விழாது. பக்கத்து வீட்டு நாய் குரைப்பதுபோல் ஆகிவிடும்.

ஷேக்கர் உண்மையிலேயே பொய்யாக அடிக்கும் நேரங்களும் உண்டு, சென்சார் கெட்டுப்போகும். அதைத் தரையிறங்கிய பிறகு ஆராயலாம். தரைக்கு 850 அடி மேலே அதற்கு இடமில்லை. எனக்குத் தெரிந்த ஒரே நல்ல விதி, முதலில் கோணத்தைக் குறை, அப்புறம் காரணம் தேடு என்பதுதான்.

ஏன் கண்காட்சிகளில் இவ்வளவு விபத்து?

1995 செப்டம்பர் 2 அன்று கனடாவின் டொராண்டோவில், பார்வையாளர்கள் கண்முன்னே பிரிட்டிஷ் விமானப்படையின் நிம்ராட் கடல் கண்காணிப்பு விமானம் ஒன்று திருப்பத்தில் ஸ்டாலாகி ஒன்டாரியோ ஏரியில் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். பி-52, நிம்ராட், சி-17 மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே கதை.

கண்காட்சிக்கு விமானம் வெறுமையாக வரும். சரக்கு இல்லை, எரிபொருள் குறைவு. அதனால் அது என்றும் காட்டாத துள்ளலைக் காட்டும். எடை பாதியானால் ஸ்டால் வேகம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும், இன்ஜினோ அதே சக்தியோடு இருக்கும். விமானிக்கு அது போர் விமானம்போல் தோன்ற ஆரம்பிக்கும். ஆனால் அதன் நிறை இன்னும் பல பத்து டன். அதோடு, காட்சி பார்வையாளர்கள் முன்னாலேயே நடக்க வேண்டும் என்பதால் திருப்பம் இறுக்கமாகும், உயரம் குறையும். மீள உயரம் இல்லாத இடத்தில் மீள வேண்டிய நிலை வரும் வாய்ப்பை நாமே உருவாக்குகிறோம்.

கையேட்டில் உள்ள வரம்புகளில் எப்படியும் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பார்கள் இல்லையா?

கட்டமைப்பில் மிச்சம் உண்டு. பெரிய விமானங்களில் வழக்கமாக, அன்றாடம் தாங்க வேண்டிய உச்சச் சுமையைப்போல் ஒன்றரை மடங்கில்தான் இறக்கை முறிய வேண்டும் என்று வடிவமைப்பார்கள். ஃபிளாப்பை இறக்கிவிட்டால் அனுமதிக்கப்படும் ஜி இன்னும் குறையும். பயணிகள் விமான விதிகளில் ஃபிளாப் உள்ளே இருந்தால் 2.5 ஜி, வெளியே இருந்தால் 2 ஜி. ராணுவ விமானங்களுக்குத் தனி எண்கள் உண்டு. எரிபொருள் எங்கே இருக்கிறது, சரக்கு எவ்வளவு என்பதைப் பொறுத்து அவையும் மாறும்.

ஆனால் ஸ்டாலில் அந்த மிச்சம் கிடையாது. இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். உலோகம் வளைந்து கொடுக்கும், காற்று வளைந்து கொடுக்காது. தாக்குகோணத்தின் எல்லை பொறியாளர் பாதுகாப்புக்காகக் குறைத்துப் போட்ட எண் இல்லை, இயற்பியல் போட்டது. தரையிறங்கும்போது ஸ்டால் வேகத்தைப்போல் 1.3 மடங்கில் வருவது பழைய வழக்கம். அந்த 0.3தான் உங்கள் மொத்தச் சேமிப்பு. குட்டை ஓடுபாதையில் இறங்கும் ராணுவ முறைகளில் அதிலிருந்தும் கொஞ்சம் எடுத்துச் செலவழிக்கிறார்கள். அதற்கேற்ற பயிற்சியோடு, கணக்கோடு. ஒரு திடீர்க் காற்று, ஒரு பறவைக் கூட்டம், ஒரு கவனப்பிசகு என எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த மிச்சம்தான்.

இன்ஜின் ஒன்று போனால் ஸ்டால் வேகம் மாறுமா?

பல ராணுவச் சரக்கு விமானங்களில் மாறும். சி-130இல் ப்ரொப்பெல்லர்கள் தள்ளும் காற்று நேரே இறக்கையின்மேல் ஓடுகிறது. இன்ஜின் ஓடும்போது அந்த இறக்கை, விமானத்தின் வேகத்தைவிட வேகமான காற்றில் இருக்கிறது. சி-17இல் இன்ஜின் வெளியேற்றத்தையே ஃபிளாப்பின்மேல் பாயவிட்டுக் கூடுதல் தூக்குவிசை எடுக்கிறார்கள். அவ்வளவு பெரிய விமானம் குட்டை ஓடுபாதையில் இறங்குவதன் ரகசியம் அதுதான். சரி, அப்படியென்றால் ஓர் இன்ஜின் நின்றால் உந்துவிசை மட்டும் போவதில்லை, அந்தப் பக்க இறக்கையின் தூக்குவிசையும் சேர்ந்து போகிறது. ஒரு பக்கம் முன்னதாகவே ஸ்டால் ஆகும்.

2018 மே 2, ஜார்ஜியா மாநிலத்தின் சவானா. ஓய்வுபெறப்போகும் ஒரு டபிள்யூசி-130 (சி-130இன் ஒரு வகை) தன் கடைசிப் பயணத்தில் கிளம்பியது. இடது ஓரத்து இன்ஜின் கோளாறானது. அதை நிறுத்திவிட்டு, அந்தச் செத்த இன்ஜின் இருக்கும் பக்கமே திரும்பினார்கள். செங்குத்து வாலில் அசையும் பலகையான ரடரை 9 டிகிரிக்கு மேல் இடப்பக்கமே மிதித்ததும் விமானம் வழுக்கி, இடது இறக்கை ஸ்டாலாகிக் கவிழ்ந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். இன்னும் மூன்று இன்ஜின்கள் இருந்தன.

2006 ஏப்ரல் 3 அன்று டெலவேரின் டோவர் தளத்தில் ஒரு சி-5க்கு இதேபோன்ற குழப்பம் வேறு வடிவில் வந்தது. ஓர் இன்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தவர்கள், நிறுத்திய இன்ஜினின் த்ராட்டிலை நகர்த்திக்கொண்டு, நன்றாக ஓடிய இன்னொன்றைக் குறைந்த சக்தியிலேயே விட்டுவிட்டார்கள். ஃபிளாப்பும் முழுவதும் வெளியே. ஓடுபாதைக்கு முன்பே விழுந்து விமானம் உடைந்தது. அதிலிருந்த 17 பேரும் பிழைத்தது பெரிய விஷயம்.

சரக்கு நகர்ந்தால்?

எடையின் மையம் பின்னால் போகப்போக மூக்கு மேலே ஏறப் பார்க்கும், எலிவேட்டரின் பலம் குறையும். பாராசூட்டில் கனமான சரக்கைப் போடும்போது இது ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் நடக்கிறது. பல டன் எடை சரக்கறைத் தளத்தில் உருண்டு பின்கதவை நோக்கிப் போகும், மூக்கு எழும், விமானி முன்னால் தள்ளிப் பிடிப்பார், சரக்கு வெளியேறியதும் சட்டென்று எல்லாம் தலைகீழாகும். எதிர்பார்த்துச் செய்வதால் அது பிழைக்கிறது. சரக்கு நடுவழியில் சிக்கிக்கொண்டால்தான் ஆபத்து.

எதிர்பாராமல் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராமில் பார்த்தோம். ராணுவ வாகனங்களை ஏற்றிய 747 சரக்கு விமானம் புறப்பட்டவுடன் மூக்கைத் தூக்கி, ஸ்டாலாகி விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். கட்டு அவிழ்ந்த வாகனம் பின்னால் உருண்டதோடு நிற்கவில்லை. பின்சுவரைத் துளைத்து, கிடைவாலை இயக்கும் பொறியையும் உடைத்திருந்தது. அதன்பின் எந்த விமானியாலும் எதுவும் செய்திருக்க முடியாது. அந்த விபத்தின் வேர் காக்பிட்டில் இல்லை, சரக்கறையின் பட்டைகளில் இருந்தது.

ஒரு சின்ன மறதி ஸ்டாலில் கொண்டுபோய் விடுமா?

2015 அக்டோபர் 2, நள்ளிரவுக்குப் பின், ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத். சி-130ஜே ஒன்று இன்ஜினை அணைக்காமலே சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. உயரமான சரக்கு உள்ளே போக வசதியாக எலிவேட்டர் மேலே தூக்கி நிற்க வேண்டும். அதற்குக் கம்பத்தைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கை வலிக்கும். விமானி, இரவுக் கண்ணாடி வைக்கும் கெட்டியான பெட்டியைக் கம்பத்துக்கு முன்னால் செருகி வைத்தார். கம்பம் அப்படியே நின்றது. வேலை முடிந்தது. இருட்டு. கண்ணில் இரவுக் கண்ணாடி. பெட்டியை யாரும் எடுக்கவில்லை.

புறப்பட்டதும் மூக்கு ஏறிக்கொண்டே போனது. கம்பத்தைத் தள்ளிப் பார்த்தார்கள், போகவில்லை. ட்ரிம் (மூக்கின் நிலையைச் சமன்செய்யும் ஏற்பாடு) கோளாறு என்று நினைத்து அதற்கான வேலையைப் பார்த்தார்கள். புறப்பட்ட 28 விநாடியில் எல்லாம் முடிந்தது. விமானத்தில் 11 பேர், தரையில் மூவர். கையளவு பிளாஸ்டிக் பெட்டி. "கட்டுப்பாடுகள் தடையின்றி நகர்கின்றனவா" என்று புறப்படுமுன் முழு வீச்சில் அசைத்துப் பார்க்கச் சொல்லும் அந்தச் சலிப்பூட்டும் வரியை இதைப் படித்த பிறகு யாராலும் தாண்டிப்போக முடியாது என்று நினைக்கிறேன்.

கணினி கட்டுப்படுத்தும் விமானங்களில் இந்தக் கவலை இல்லையே?

கணினிக்குச் சரியான தகவல் போகும் வரை. 2008 பிப்ரவரி 23 அன்று பசிபிக் தீவான குவாமில் ஒரு பி-2 குண்டுவீச்சு விமானம் புறப்படும்போது, காற்றழுத்த சென்சார்களில் ஈரம் புகுந்திருந்தது. கணினிக்குத் தவறான வேகமும் தவறான கோணமும் போயின. அது தன் கணக்குப்படி சரியாகவே மூக்கை 30 டிகிரி அளவுக்குத் தூக்கியது. விமானம் ஸ்டாலாகி இறக்கை தரையில் உரசியது. இருவரும் இருக்கையோடு வெளியேறிப் பிழைத்தார்கள். ஒரு பில்லியன் டாலருக்கு மேல் மதிப்புள்ள விமானம் எரிந்து போனது.

உயரத்தில் பறக்கும்போது ஆபத்து குறைவுதானே? கீழே இடம் இருக்கிறது.

இடம் இருக்கிறது, ஆனால் வேகத்தில் இடம் இல்லை. மேலே போகப்போகக் காற்று மெலிவதால் ஸ்டால் வேகம் ஏறிக்கொண்டே வரும். ஒலியின் வேகத்தை நெருங்குவதால் வரும் மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். இரண்டும் சந்திக்கும் மூலையைச் "சவப்பெட்டி மூலை" என்பார்கள். 1950களின் பி-47 குண்டுவீச்சு விமானத்திலும், யு-2 உளவு விமானத்திலும் உச்ச உயரத்தில் இந்த இடைவெளி சில நாட் வேகம் அளவுக்குச் சுருங்கிவிடும். அங்கே ஒரு திருப்பத்தில் உள் இறக்கை ஸ்டாலின் ஓரத்திலும் வெளி இறக்கை வேக எல்லையின் ஓரத்திலும் இருக்கலாம்.

சரி, ஸ்டால் ஆகிவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

கம்பத்தை முன்னால் தள்ளு. கோணம் குறையும் வரை தள்ளு. அப்புறம் சாய்வை நிமிர்த்து, தேவைக்கேற்ப சக்தி கொடு, வேகத்தடைப் பலகைகள் வெளியே இருந்தால் உள்ளே இழு, வேகம் சேர்ந்த பிறகு மெதுவாக மேலே இழு. அவசரமாக இழுத்தால் இரண்டாவது ஸ்டால்.

இந்த வரிசை இன்று வெளிப்படையாகத் தோன்றும். நீண்ட காலம் பயிற்சி அப்படி இல்லை. "முழு சக்தி கொடு, உயரத்தை இழக்காதே" என்றுதான் பழக்கினார்கள். நூறு அடிக்கு மேல் இழந்தால் தேர்வில் மதிப்பெண் போகும். விமானிகள் மூக்கைத் தாழ்த்தத் தயங்கக் கற்றுக்கொண்டார்கள். 2009இல் இரண்டு பயணிகள் விமான விபத்துகள் இதை அம்பலமாக்கின. பிப்ரவரியில் பஃபலோ அருகே 50 பேர், ஜூனில் அட்லாண்டிக்கில் ஏர் பிரான்ஸ் 447இல் 228 பேர். இரண்டிலும் ஸ்டால் எச்சரிக்கைக்கு நடுவே கம்பம் பின்னால் இழுக்கப்பட்டது. 2012இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் புதிய வழிகாட்டுதல் வெளியிட்டது. கோணத்தைக் குறைப்பதே முதல் வேலை, உயர இழப்பு அப்புறம். ராணுவ விமானிக்கும் பயணிகள் விமானிக்கும் காற்று ஒன்றுதான்.

சிமுலேட்டரில் பழகினால் போதாதா?

நடைமுறைக்கும் கைப்பழக்கத்துக்கும் போதும். நிஜமாகப் பெரிய விமானத்தை முழு ஸ்டாலுக்குக் கொண்டுபோய்ப் பயிற்சி கொடுப்பது ஆபத்து, அதனால் வேறு வழியும் இல்லை. ஆனால் சிமுலேட்டர், தன்னிடம் உள்ள சோதனைத் தரவு வரைதான் உண்மை பேசும். அதற்கு அப்பால் அது காட்டுவது ஊகம். சிமுலேட்டரில் 60 டிகிரிச் சாய்விலிருந்து நான்கு முறை மீண்டு வந்தேன் என்பது நிஜ விமானமும் மீளும் என்பதற்குச் சான்று ஆகாது. அதோடு, வயிறு சுருளும் அந்த உணர்வு தரையில் நிற்கும் பெட்டியில் வருவதில்லை.

போர்க்களத்தில் வரம்பை மீறத்தானே வேண்டியிருக்கும்?

சில நேரம் மீறியாக வேண்டும். ஏவுகணை வரும்போது கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அப்போதும் மீற முடிவது ஜி வரம்பை, இன்ஜின் வெப்ப வரம்பை. தாக்குகோண எல்லையை எதிரி துரத்துகிறான் என்பதற்காக மீற முடியாது. மீறினால் விமானம் திரும்புவதே நின்றுவிடும். அனுபவமுள்ளவர்கள் இறுக்கமாகத் திரும்பும்போது மூக்கைக் கொஞ்சம் தாழவிட்டு, உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குவார்கள். கொடுக்க உயரம் இருந்தால்.

கூட இருப்பவர் வரம்பை மீறினால் இளையவர் என்ன செய்வது?

ஃபேர்சைல்டு விபத்தின் விமானி, லெப்டினன்ட் கர்னல் பட் ஹாலண்ட், அந்தத் தளத்தின் மிகத் திறமையான பி-52 விமானிகளில் ஒருவர். 1991 முதலே அவர் வரம்புகளை மீறிப் பறந்ததைப் பலர் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கண்காட்சிக்குச் சாய்வு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று தளபதி சொல்லியிருந்தார். ஜூன் 17 ஒத்திகையிலேயே அது மீறப்பட்டது. யாரும் நிறுத்தவில்லை.

ஒருவர் முயன்றார். ஸ்குவாட்ரன் தளபதி லெப்டினன்ட் கர்னல் மார்க் மெக்கீஹன், ஹாலண்டைப் பறக்கவிடக் கூடாது என்று மேலிடத்தில் கேட்டார். மறுக்கப்பட்டது. அப்படியானால் என் இளம் விமானிகளை அவரோடு அனுப்பமாட்டேன், நானே துணை விமானியாகப் போகிறேன் என்று முடிவெடுத்தார். ஜூன் 24 அன்று வலது இருக்கையில் இருந்தவர் அவர்தான். விமானம் கவிழும்போது இருக்கையோடு வெளியேற முயன்றார், நேரம் போதவில்லை.

ஆக, இளையவர் என்ன செய்வது என்றால்: எண்ணைச் சொல்லுங்கள். "சார், கொஞ்சம் பார்த்து" என்று இழுக்க வேண்டாம். "சாய்வு 50", "வேகம் 150", "ஷேக்கர்" என்று உரக்க, சுருக்கமாக. இரண்டு முறை சொல்லியும் பதில் இல்லையென்றால் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கலாம் என்பதைப் புறப்படும் முன்பே, தரையில், எல்லோர் முன்னிலையிலும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தரையில் அதைப் பேச ஒரு நிமிடம் போதும். கீழே 250 அடிதான் இருக்கும்போது பேசி முடிவெடுக்க முடியாது.